பி.இ. படிச்சவனுக்கு ஹெல்பர் விசா, பத்தாங்கிளாஸ் வெல்டருக்கு டபுள் சம்பளம்: இது எப்படியாக்கும்?

மார்த்தாண்டத்தான்:

எல்லாருக்கும் வணக்கம், கொறச்சு நீளமா போவும், பொறுத்துக்கிடுங்க. நான் பி.இ. மெக்கானிக்கல், 2021 பேட்ச், கொரோனா நேரத்துல முடிச்சதுனால கேம்பஸ் இன்டர்வியூன்னு ஒண்ணு நடக்கவே இல்ல. இப்ப ஒரு பைக் ஷோரூம்ல சர்வீஸ் அட்வைசர், பேரு கேக்க நல்லாத்தான் இருக்கு, வேலை என்னன்னா காலைல இருந்து சாயங்காலம் வர கஸ்டமர்கிட்ட ஏச்சு வாங்குறது. சம்பளம் இங்க எழுத வெக்கமா இருக்கு.

எனக்க சித்தப்பா மகன் பத்தாங்கிளாஸ் முடிச்சிட்டு கோணம் ஐடிஐல வெல்டர் ட்ரேட் ஒரு வருஷம் படிச்சான், பிறகு கொச்சில ஒரு யார்டுல கெடந்து பைப் வெல்டிங் படிச்சு 6ஜின்னு ஒரு கஷ்டமான வெல்டிங் டெஸ்ட் பாஸ் ஆனான். இப்ப சவுதில இருக்கான். போன மாசம் வீட்டுக்கு மாடி எடுத்தாச்சு. ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சு வரும்போது மாமா ஒருத்தர் எல்லாரும் நிக்கும்போதே கேக்காரு, "நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்க வச்சதுக்கு உனக்க அப்பனுக்கு நாலு தென்ன வச்சிருந்தா காய்ச்சிருக்கும்"னு. சிரிச்சிட்டு வந்துட்டேன், வேற என்ன செய்ய.

இப்ப ஒரு ஏஜெண்ட் சவுதிக்கு விசா இருக்குன்னு சொல்லுதாரு. கேட்டா ஹெல்பர் விசா, 1,200 ரியால், ரூமும் சாப்பாடும் கம்பெனி. ஒண்ணேகால் லட்சம் கேக்காரு. "டிகிரி இருக்குல்லா, உள்ள போயிட்டா ஆறு மாசத்துல சூப்பர்வைசர் ஆக்கிடுவாவ"ன்னு சொல்லுதாரு. நம்பலாமா? டிகிரிக்கு அங்க மதிப்பே இல்லியா, இல்ல எனக்க டிகிரிக்கு மட்டும்தான் இல்லியா? கூடவே இன்னொண்ணு, தங்கச்சி பிஎஸ்சி நர்சிங் கடைசி வருஷம், அவளுக்கு எல்லாரும் ஜெர்மனி ஜெர்மனின்னு சொல்லுதாவ, அதப்பத்தி தெரிஞ்சவங்க இருந்தா அதையும் சொல்லுங்க.

சாயாக்கடை_பெஞ்சு:

ஆறு மாசத்துல சூப்பர்வைசர்னு சொன்ன ஏஜெண்டுக்க சட்டைய புடிச்சு அத எழுதித் தரச் சொல்லு மக்கா. எழுதித் தந்தா எனக்கும் ஒரு விசா சொல்லு.

ஜுபைல்_ரிட்டன்:

தம்பி, நான் ஜுபைல், யான்பு, பிறகு கத்தார்ல ராஸ் லஃபான்னு வெல்டிங் க்யூசில, அதாவது தரம் பாக்குற வேலைல, கெடந்தவனாக்கும், டிப்ளமோ மட்டும்தான். உனக்க மாமா சொன்னத மனசுல வைக்காத, ஆனா உனக்க கேள்வி சரியான கேள்வி.

உனக்க தம்பி ஏன் உன்ன விட சம்பாதிக்கான்னு மொதல்ல பாரு. 6ஜி டெஸ்ட் எப்படி நடக்கும் தெரியுமா, பைப்ப 45 டிகிரி சாய்ச்சு ஃபிக்ஸ் பண்ணிருப்பாவ, அத திருப்ப முடியாது, வெல்டர்தான் குனிஞ்சு படுத்து சுத்தி வந்து அடிக்கணும், ரூட்ட, அதாவது அடி ஓட்டத்த, டிக் (TIG) வெல்டிங்ல போட்டு மேல ஆர்க் வெல்டிங்ல நெரப்பி மூடணும். பிறகு அத எக்ஸ்ரே எடுப்பாவ. ஃபிலிம்ல பொரோசிட்டியோ (உள்ள காத்து ஓட்டை) லேக் ஆஃப் ஃபியூஷனோ (சரியா ஒட்டாத எடம்) தெரிஞ்சா ஃபெயில், தெரியலன்னா பாஸ், அவ்வளவுதான். எந்த ஊரு, எந்த ஸ்கூலு, எவனுக்க மகன், இங்கிலீஷ் வருமா ஒண்ணும் கேக்க மாட்டாவ. அதாவது அவனுக்க திறமைய முதலாளி ஒரு நாள்ல கண்ணால பாத்து தெரிஞ்சிக்கிடலாம். உனக்க பி.இ.ய எப்படி எக்ஸ்ரே எடுப்பான்? நம்ம ஊர்ல இருந்து வருசா வருசம் எத்தன காலேஜ்ல இருந்து எத்தன பேரு பி.இ.ன்னு வாறான், அவனுக்கு அதுல எது நல்லது எது சொத்தன்னு தெரியாது, அதனால எல்லாத்துக்கும் சேத்து கொறச்ச விலை போடுதான்.

இப்ப உனக்க ஏஜெண்ட் சொல்லுத கதை. விசால என்ன வேலை போட்டிருக்கோ அதுதான் உனக்க இகாமால, அதாவது அங்க தங்குத கார்டுல வரும், அந்த வேலைப் பேருக்கு அங்க மெஹ்னான்னு சொல்லுவாவ. ஆமல்னு போட்டிருந்தா நீ கூலி. இன்ஜினியர்னு மாத்தணும்னா சவுதி கவுன்சில் ஆஃப் இன்ஜினியர்ஸ்ல பதிவு வேணும், வெளிநாட்டு இன்ஜினியருக்கு 5 வருஷ அனுபவம் கேக்காவ. இங்கதான் கண்ணி இருக்கு. நீ ஹெல்பரா போயி அஞ்சு வருஷம் இருந்தாலும் அது ஹெல்பர் அனுபவம்தான், சர்ட்டிபிகேட்ல ஹெல்பர்னுதான் எழுதித் தருவான், இன்ஜினியர் கணக்குல ஒரு நாள்கூட சேராது. அஞ்சு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்து இன்டர்வியூக்கு போனா "பி.இ. படிச்சிட்டு ஏன் ஹெல்பரா இருந்தே"ன்னு கேப்பான். அதுக்கு சொல்ல பதில் இருக்காது. எனக்கு தெரிஞ்சு நம்ம ஊருப் பயலுவ எத்தன பேரு இப்படி மாட்டிக் கெடக்கான் தெரியுமா, படிப்ப பெட்டிக்குள்ள வச்சு பூட்டிட்டு ஸ்கஃபோல்டிங் தூக்கிட்டு நிக்கான்.

இன்னொண்ணு, இது யாரும் சொல்லித் தர மாட்டாவ. நீ பத்தாங்கிளாசுக்கு மேல படிச்சவன்ங்கறதால உனக்க பாஸ்போர்ட் ஈசிஎன்ஆர், அதாவது குடியேற்ற அனுமதி வேண்டாம். பத்து பாஸ் ஆகாதவன் ஈசிஆர் பாஸ்போர்ட்ல சவுதி, கத்தார், குவைத், மலேசியான்னு 18 நாட்டுக்கு போகணும்னா இ-மைக்ரேட்ங்கற மத்திய அரசு சைட்ல கான்ட்ராக்ட் ஏறணும், கம்பெனி ஏறணும், பிறகுதான் ஏர்போர்ட்ல விடுவான். உனக்கு அது ஒண்ணும் கெடையாது, டிக்கெட் எடுத்தா போயிடலாம். கேக்க சொகமா இருக்கும். ஆனா கூலி வேலைக்கு போற படிச்சவனுக்கு அந்த பாதுகாப்பும் கெடையாதுன்னு அர்த்தம், உனக்க கான்ட்ராக்ட எந்த ஆபீசரும் பாக்க மாட்டாரு. படிக்காதவனுக்கு இருக்க காவல் படிச்சவனுக்கு இல்ல, எப்படி இருக்கு பாரு.

ஒண்ணேகால் லட்சம்னு சொன்னியே. லைசென்ஸ் உள்ள ஏஜெண்ட் வாங்கலாம்னு சட்டம் சொல்லுதது 30,000 ரூபாயும் அதுக்கு மேல ஜிஎஸ்டியும். லைசென்ஸ் நம்பர் கேளு, இ-மைக்ரேட் சைட்ல போட்டுப் பாரு. நம்பர் தர மாட்டேன்னு சொன்னா மேல பேச ஒண்ணும் இல்ல.

கோட்டாறு_காண்ட்ராக்டர்:

மேல அண்ணாச்சி சொன்னதுல பாதி ஒத்துக்கிடுதேன், பாதி ஒத்துக்கிட மாட்டேன். ஹெல்பரா போனா வாழ்க்கையே போச்சுன்னு சொல்லாதீங்க. நான் 1990கள்ல மஸ்கட்டுக்கு மைக்காடாத்தான், கொத்தனாருக்கு கையாளாத்தான் போனேன், அங்க டைல்ஸ் வேலை பாத்து படிச்சேன், இப்ப நாகர்கோவில்ல வீடு கெட்டிக் குடுக்கேன். எனக்கு படிப்பு எட்டாங்கிளாஸ். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, நான் போகும்போது எனக்கு கீழ போக எடம் இல்ல, மேலதான் போகணும். நீ ஏற்கனவே மேல இருந்துட்டு கீழ எறங்குத. அது மனசுக்கும் ஆவாது, பேப்பருக்கும் ஆவாது.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. எனக்க சைட்ல இப்ப முக்கால்வாசி வடக்க உள்ள பயலுவதான், ஜார்க்கண்ட், வங்காளம், ஒடிசா. ஒருத்தன் இருக்கான், பி.ஏ. ஹிஸ்டரி முடிச்சவன், கம்பி கெட்டுதான். அவன்கிட்ட கேட்டேன் ஏம்ல படிச்சிட்டு இங்க வந்தேன்னு, ஊர்ல படிச்சதுக்கு வேலை இல்ல, படிக்காத வேலைக்கு கூலி இல்லன்னான். அவனுக்க பி.ஏ.க்கு நான் ஒரு ரூபா கூட்டிக் குடுக்கேனா? குடுக்க மாட்டேன். ஆனா இன்னொருத்தன் நாலாங்கிளாஸ்கூட படிக்கல, கிரானைட் கட்டிங்ல மூலைக்கு மூலை 45 டிகிரில வெட்டி ஒட்டினா கோடு தெரியாது, அவனுக்கு நம்ம ஊரு கொத்தனாருக்கு குடுக்குற கூலி குடுக்கேன். அத எப்படி கண்டுபிடிச்சேன்? மொதல்ல எல்லாத்துக்கும் ஒரே கூலிதான் குடுத்தேன். ஒரு நாள் எனக்க மேஸ்திரி வரல, அவன் தானா எடுத்து செஞ்சான், பிறகுதான் தெரிஞ்சுது. அதுவர அவன் சும்மா சிமெண்ட் சட்டி சொமந்துட்டு நின்னான். வாயத் திறந்து சொல்லலாமில்லா? தமிழ் தெரியாது. இந்தியில சொன்னா எனக்கு தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

அதே நேரம் நம்ம கொல்லங்கோடு, களியக்காவிளை பக்கத்து கொத்தனாரு காலைல பஸ் ஏறி திருவனந்தபுரம் போயி கூடுதல் கூலி வாங்கிட்டு சாயங்காலம் வந்துடுதான். அவனுக்கு மலையாளம் நாக்குல இருக்கு, வீட்டுக்காரன்கிட்ட நேரா பேசி வேலை புடிக்கான், நடுவுல ஆளு இல்ல. அவனுக்கும் அந்த ஜார்க்கண்ட்காரனுக்கும் கைவேலைல பெரிய வித்தியாசம் இல்ல, பாஷைலதான் இருக்கு.

தூத்தூர்_கடக்கரை:

எங்க கதையும் கேளுங்க. எங்க பக்கத்து ஆளுக்கு ஆழ்கடல்ல சுறா, சூர புடிக்கதுன்னா கை வந்த தொழில், தூத்தூர், வள்ளவிளை, இரயுமன்துறைன்னு இந்த ஊருக்காரங்க லட்சத்தீவு தாண்டி போயி மாசக்கணக்குல கெடந்து புடிப்பாவ, இந்தியால இப்படி செய்யுத ஆளு எத்தன ஊர்ல இருக்காவன்னு விரல் விட்டு எண்ணலாம். எங்க அப்பாவுக்கு நீரோட்டம் பாத்து, பறவ பாத்து, தண்ணிக்க நெறம் பாத்து எங்க மீன் நிக்கும்னு தெரியும். அந்த அறிவுக்கு என்ன சர்ட்டிபிகேட் இருக்கு? ஒண்ணுமில்ல.

அதனால சவுதி, பஹ்ரைன், ஈரான்னு போகும்போது முதலாளி போடுதது "மீன்புடி தொழிலாளி", அவ்வளவுதான். ஈரான்ல பல பேருக்கு மாசச் சம்பளமே கெடையாது, புடிச்ச மீன்ல பங்குதான். கடல்ல மீன் இல்லன்னா பங்கும் இல்ல. 2020ல கொரோனா வந்தப்ப ஈரான்ல எத்தன நூறு பேரு நம்ம குமரி மாவட்டத்துக்காரங்க படகுலேயே மாட்டிக் கெடந்தாவன்னு ஞாபகம் இருக்கா? மாசக்கணக்கா சத்தம் போட்ட பிறகு ஜூலை மாசம் ஜலாஷ்வாங்கற நேவி கப்பல் பந்தர் அப்பாஸ்ல இருந்து 687 பேர தூத்துக்குடில கொண்டு எறக்கிச்சு. அதுல போயிட்டு வந்தவங்க எங்க தெருவுலயும் உண்டு. அவங்க படிக்காதவங்கதான், ஆனா தொழில் தெரியாதவங்க இல்ல. தொழில் தெரிஞ்சதுக்கு பேப்பர் இல்ல, பேப்பர் இல்லாததுனால பேரம் பேச வாய் இல்ல, ஒப்பந்தம்னு கேட்டு வாங்கத் தெரியல. இதுல டிகிரி இருக்கா இல்லியாங்கறது எங்க வந்துச்சு?

எனக்க தம்பி இப்ப பன்னெண்டு முடிச்சிட்டு மெர்ச்சன்ட் நேவி ரேட்டிங் கோர்ஸ் போயிருக்கான். அப்பாவுக்கு தெரிஞ்சதுல கால்வாசி கடலுக்க அறிவு அவனுக்கு கெடையாது, சத்தியமா சொல்லுதேன், அவன வள்ளத்துல விட்டா வாந்தி எடுப்பான். ஆனா அவன் கையில சிடிசின்னு கப்பல்காரனுக்குள்ள அரசு புக்கு இருக்கும், மாச சம்பளம் எழுதி வச்ச கான்ட்ராக்ட் இருக்கும்.

பொருளியல்_வாத்தி:

நல்ல இழை இது. நான் கல்லூரியில பொருளாதாரம் எடுக்கிறேன், இத பாடமா நடத்தும்போது பசங்க தூங்குவாங்க, இங்க எல்லாரும் அதே விஷயத்த உயிரோட சொல்லிட்டிருக்கீங்க.

இதுல பழைய வாதம் ஒண்ணு இருக்கு. 1978ல பாரி சிஸ்விக்னு ஒரு அமெரிக்க பொருளியலாளர் சொன்னது: வெளிநாட்டுல இருந்து வந்தவன் ஆரம்பத்துல உள்ளூர்க்காரன விட கொறச்சலாத்தான் சம்பாதிப்பான், ஏன்னா அவன் படிச்சதும் அனுபவமும் அந்த ஊருக்கு அப்படியே ஒத்து வராது, பாஷை தெரியாது, யாரையும் தெரியாது. ஆனா 10, 15 வருஷத்துல கத்துக்கிட்டு பிடிச்சிடுவான், சில பேர் தாண்டியும் போயிடுவான்னு. பிறகு ஜார்ஜ் போர்ஹாஸ்னு இன்னொருத்தர் 1985ல வந்து, அப்படி நேரா சொல்லக் கூடாது, ஒவ்வொரு காலத்துல வந்த கூட்டமும் வேற வேற, முன்னாடி வந்தவங்களுக்க வளர்ச்சிய பாத்து பின்னாடி வாறவங்களுக்கும் அதுதான்னு நினைக்காதீங்கன்னாரு. இந்த சண்டை இன்னும் முடியல.

ஆனா மார்த்தாண்டத்தான் தம்பிக்கு இதுல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. அந்த கணக்கு அமெரிக்காவுக்கு. அங்க போறவன் அங்கேயே இருப்பான், வேலை மாத்தலாம், படிக்கலாம், மேல ஏற காலம் இருக்கு. வளைகுடால அப்படி இல்ல, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட், விசா ஸ்பான்சர் கையில, குடியுரிமை கெடையாது. இப்ப கொஞ்சம் தளர்ந்திருக்கு, கத்தார் 2020ல முதலாளி அனுமதி இல்லாம வேலை மாத்தலாம்னு சட்டம் போட்டுச்சு, 2021 மார்ச்ல 1,000 ரியால் குறைந்தபட்ச சம்பளம், கம்பெனி சாப்பாடும் தங்க எடமும் தரலன்னா 300ம் 500ம் தனியான்னு வந்துச்சு. சவுதியும் 2021ல வேலை மாத்துறத கொஞ்சம் எளிதாக்குச்சு. இருந்தாலும் "உள்ள போயிட்டா மெல்ல மேல ஏறலாம்"ங்கற கதை அமெரிக்காவுக்கு ஓரளவு பொருந்தும், வளைகுடாவுக்கு ரொம்ப கொறச்சலாத்தான் பொருந்தும். அங்க நீங்க நுழையிற கதவு எதுவோ அதுதான் பெரும்பாலும் உங்க தட்டு.

ஐரோப்பா போனா எல்லாம் சரியாயிடும்னும் நினைக்க வேண்டாம். டிகிரி முடிச்சு அங்க வேலை பாக்குற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய இருந்து வந்தவங்கள்ல பத்துக்கு கிட்டத்தட்ட நாலு பேர் தன் படிப்புக்கு கீழ உள்ள வேலைலதான் இருக்காங்கன்னு அவங்களுக்க யூரோஸ்டாட் கணக்கே சொல்லுது, அந்தந்த நாட்டுக்காரங்கள்ல அது அஞ்சுல ஒண்ணு.

நம்ம மாவட்டத்துக்கு இது கூடுதலா வலிக்கும். 2011 கணக்கெடுப்புல 91.75 சதவீதம் எழுத்தறிவு, தமிழ்நாட்டுலேயே முதல் இடம். மிஷன் பள்ளிக்கூட காலத்துல இருந்து படிப்ப நம்பி வந்த ஊரு. எல்லாரும் படிச்சிட்டா படிப்ப வச்சு மட்டும் ஒருத்தன் இன்னொருத்தன தாண்ட முடியாது. சர்ட்டிபிகேட்ட எல்லாரும் வச்சிருக்கும்போது அதுக்கு மேல என்ன இருக்குன்னுதான் முதலாளி பாப்பான்.

சாயாக்கடை_பெஞ்சு:

வாத்தி சார், அப்ப மாமா சொன்ன தென்ன கணக்கு சரியா தப்பா? நேரா சொல்லுங்க.

பொருளியல்_வாத்தி:

தென்னைக்கு வாடல் நோய் வந்துடுச்சுன்னா அவருக்க கணக்கும் போச்சு. நேரா சொன்னா, படிப்புக்கு வருமானம் இருக்கு, ஆனா அது எந்த சந்தைல விக்கிறீங்கங்கறத பொறுத்துதான்.

கருங்கல்_சிஸ்டர்:

தங்கச்சி விஷயத்துக்கு வாறேன். நான் கருங்கல் பக்கம், பிஎஸ்சி நர்சிங், திருவனந்தபுரத்துல ஐசியூல இருந்துட்டு ஜெர்மனி வந்தேன், இப்ப ஸ்டுட்கார்ட் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரில.

ஜெர்மனிக்காரங்களுக்கு ஆளு வேணும், அது உண்மை. 2024 அக்டோபர்ல அவங்க இந்தியர்களுக்கு வருஷத்துக்கு குடுக்குற திறமையாளர் விசாவ 20,000ல இருந்து 90,000 ஆக்குறதா அறிவிச்சாங்க, அந்த செய்தி வந்ததுல இருந்து நம்ம ஊர்ல தெருவுக்கு தெரு ஜெர்மன் கிளாஸ். ஆனா யாரும் சொல்லாதது என்னன்னா, நம்ம நர்சிங் டிகிரிய அவங்க அப்படியே எடுத்துக்கிட மாட்டாங்க. பேப்பர் எல்லாம் அனுப்பினா ஒவ்வொரு பாடத்தையும் எத்தன மணி நேரம் படிச்சோம், எந்த வார்டுல எத்தன மணி நேரம் நின்னோம்னு ஒப்பிட்டு, இதெல்லாம் கொறைன்னு ஒரு லெட்டர் வரும். பிறகு அந்த கொறைய நெரப்ப அங்க போயி ஒரு பரீட்சை எழுதணும், இல்லன்னா சில மாசம் பயிற்சில இருக்கணும். அதுவர நீ நர்ஸ் இல்ல, ஹெல்பர்தான், சம்பளமும் ஹெல்பர் சம்பளம்தான். மேல தம்பிக்கு ஹெல்பரா போகாதன்னு சொன்னாங்க, இங்க எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கோம், ஆனா வித்தியாசம் என்னன்னா இங்க அது எப்ப முடியும்னு பேப்பர்ல எழுதி இருக்கு. முழு அங்கீகாரம் கிடைக்க பி2 லெவல், அதாவது ஓரளவு சரளமா பேசுற அளவு ஜெர்மன் வேணும்.

அந்த பி2 பேப்பர் வந்த பிறகும் கதை முடியல. மொத மாசத்துல நைட் டியூட்டி, ஒரு பாட்டி, வயசு 88, என்னவோ கேக்குறாங்க, ஸ்வேபிஷ்னு அந்த பக்கத்து வட்டாரப் பேச்சு, நான் படிச்ச ஜெர்மனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தண்ணியா, பெட்பேனா, வலியான்னு ஒவ்வொண்ணா கையால காட்டி கேட்டு கடைசில பாத்தா ஜன்னல கொறச்சு திறக்கச் சொல்லிருக்காங்க. வென்டிலேட்டர் செட்டிங் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், ஜன்னல் திறக்க பத்து நிமிஷம். டாக்டர் போன்ல ஆர்டர் சொன்னா நேர்ல நிக்கும்போது புரியுறதுல பாதிதான் புரியும், திரும்ப கேட்டா எரிச்சல் படுவாங்க. பாஷை வராத நேரத்துல நாம படிச்சது எல்லாம் உள்ளுக்குள்ளேயே கெடக்கும், வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு நாம ஒண்ணும் தெரியாத பிள்ளதான்.

அப்புறம் வேலை. இங்க நோயாளிய குளிப்பாட்டுறது, சாப்பாடு ஊட்டுறது, உடை மாத்துறது எல்லாம் நர்ஸ் வேலைதான். நம்ம ஊர்ல அது கூட இருக்க சொந்தக்காரங்க, இல்லன்னா ஆயாம்மா செய்வாங்க, நாம ஊசி, ட்ரிப், மருந்து சார்ட்டு. இங்க வந்த எத்தனயோ பிள்ளைங்க இத கண்டு அழுதிருக்கு, டிகிரி படிச்சிட்டு இதுக்கா வந்தோம்னு. நான் அத கேவலமா நினைக்கல, ஆனா தெரியாம வந்தா அடி பலமா விழும். தங்கச்சிட்ட இப்பவே சொல்லிடுங்க.

எனக்க கருத்து, கடைசி வருஷம் முடிச்ச உடனே போக வேண்டாம். ரெண்டு வருஷம் நல்ல ஆஸ்பத்திரில, முடிஞ்சா ஐசியூ இல்லன்னா டயாலிசிஸ், அனுபவம் எடுக்கணும், கூடவே ஜெர்மன். கல்ஃப்னாலும் அனுபவம் கேப்பாங்க, அங்க ப்ரோமெட்ரிக் பரீட்சை, டேட்டாஃப்ளோ சரிபார்ப்புன்னு தனி ரூட்டு. இன்னொண்ணு, நர்சுக்கு மட்டும் ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட் இருந்தாலும் மேல சொன்ன 18 நாட்டுக்கு போக இ-மைக்ரேட் அனுமதி வேணும், 2015ல இருந்து அப்படித்தான், அரசு நிறுவனம் வழியா போறதுதான் நல்லது. நம்ம தமிழ்நாட்டுக்கு சென்னைல ஓஎம்சிஎல் இருக்கு, 1978ல இருந்து நடக்குற அரசு நிறுவனம், நோட்டிபிகேஷன் அப்பப்ப போடுவாங்க, அத பாத்துட்டே இருக்கச் சொல்லுங்க. இங்கிலாந்து பத்தி யாராவது கேர் ஒர்க்கர் விசான்னு சொன்னா காசு குடுத்துடாதீங்க, 2025 ஜூலைல வெளிநாட்டுல இருந்து புதுசா ஆள் எடுக்குறத மூடிட்டாங்க.

குவைத்_ரிட்டன்_பி.இ.:

இன்ஜினியர் டிகிரிக்கு மதிப்பு இருக்கான்னு கேட்டியே தம்பி, எனக்கு நடந்தத சொல்றேன். நான் குவைத்துல நெசமாவே இன்ஜினியர் இகாமாலதான் இருந்தேன், ஆறேழு வருஷம் சர்வீஸ், சைட்ட முழுசா நான்தான் ஓட்டினேன். 2018ல ஒரு ரூல் வந்துச்சு, இன்ஜினியர்னு ரெசிடென்சி புதுப்பிக்கணும்னா குவைத் சொசைட்டி ஆஃப் இன்ஜினியர்ஸ் என்ஓசி வேணும், அவங்க இந்திய டிகிரின்னா என்பிஏ, அதாவது தேசிய அங்கீகார வாரியத்துக்க அங்கீகாரம் உள்ள கோர்ஸான்னு பாப்பாங்க. நான் படிச்ச காலேஜுக்கு ஏஐசிடிஇ உண்டு, யுனிவர்சிட்டி உண்டு, சுவர் பூரா போஸ்டர் உண்டு, என்பிஏ மட்டும் கெடையாது. பதினேழு வயசுல அட்மிஷன் போடும்போது யாருக்கு தெரியும் என்பிஏன்னா என்னன்னு? எனக்க அப்பா கேட்டது பஸ் வருமா, ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படின்னு மட்டும்தான்.

ஆக அதே ஆளு, அதே சைட்டு, அதே வேலை, ஒரு நாள்ல இன்ஜினியர் இல்லன்னு ஆயிட்டேன். கொஞ்ச பேரு சூப்பர்வைசர், டெக்னீஷியன்னு மெஹ்னா மாத்தி சம்பளம் கொறஞ்சு இருந்தாங்க, நான் ஊருக்கு வந்துட்டேன். அனுபவம், திறமை, இங்கிலீஷ் மூணும் இருந்துச்சு, அத யாரும் கணக்குல எடுக்கல. அப்ப திறமைதான் முக்கியம்னு சொல்றவங்கள கண்டா எனக்கு ஆத்திரம் வருது.

ஜுபைல்_ரிட்டன்:

குவைத் அண்ணன் சொன்னது நியாயம். நான் திறமை போதும்னு சொல்லல, திறமைய அவன் கண்ணால பாக்குற மாதிரி காட்ட முடியணும், இல்லன்னா அவன் நம்புத பேப்பர் இருக்கணும்னு சொல்லுதேன். இப்ப வெல்டருக்கே அப்படித்தான் ஆவுது. 2022 கடைசில இருந்து சவுதிக்காரன் இந்தியாவுலேயே திறமை சரிபார்ப்பு டெஸ்ட் வைக்கான், மொத கட்டத்துல எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏசி மெக்கானிக், ஆட்டோ எலக்ட்ரீஷியன்னு அஞ்சு ட்ரேடு, பிறகு கூட்டிட்டே போறான். முன்ன மாதிரி எவனோ ஒருத்தன எலக்ட்ரீஷியன்னு விசால போட்டு அங்க கொண்டு மண் அள்ள விடுறதும், வேலை தெரியாதவன் போயி ஷாக் அடிச்சு கெடக்குறதும் கொறையும்.

மார்த்தாண்டத்தான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. ஏஜெண்ட்டுக்கு போன் பண்ணி லைசென்ஸ் நம்பர் கேட்டேன், "தம்பிக்கு நம்பிக்கை இல்லன்னா விட்டுடுங்க, ஆளு க்யூல நிக்கு"ன்னு வச்சிட்டாரு. விட்டாச்சு. தங்கச்சிக்கு சிஸ்டர் எழுதினத அப்படியே வாசிச்சு காட்டினேன், ஜன்னல் கதைல சிரிச்சா, குளிப்பாட்டுறத பத்தி ஒண்ணும் சொல்லல, பாப்போம்.

இப்ப எனக்கு என்ன வழி? நம்ம ஊர்ல க்யூசி, என்டிடி (உடைக்காம சோதிச்சுப் பாக்குறது), சேஃப்டி கோர்ஸ்னு போர்டு இல்லாத ஜங்ஷன் கெடையாது. அதுல ஏதாவது படிச்சா போதுமா?

ஜுபைல்_ரிட்டன்:

கோர்ஸ் போதாது, ஆனா வேண்டாதது இல்ல. இருபது நாள்ல லெவல் டூ சர்ட்டிபிகேட் தருவான், உனக்கு முன்னால அத வாங்கினவன் வடசேரில இருந்து தக்கல வர வரிசைல நிக்கான். அதுக்கு எடை வாறது ஒரு யார்டுலயோ ரிஃபைனரிய நிறுத்தி ரிப்பேர் பாக்குற ஷட்டவுன்லயோ நீ கையில அல்ட்ராசானிக் மெஷின் புடிச்சு ரிப்போர்ட் எழுதின அனுபவம் சேரும்போதுதான். அதனால மொதல்ல இந்தியாவுக்குள்ளேயே போ. கொச்சி, விசாகப்பட்டினம், ஜாம்நகர், ஹசிரா, எங்க ஷட்டவுன் நடந்தாலும் ட்ரெய்னி இன்ஸ்பெக்டர்னு ஆபர் லெட்டர்ல எழுதி வாங்கிட்டு சேரு, சம்பளம் உனக்க ஷோரூம் சம்பளம்தான் இருக்கும், கொறஞ்சாலும் கவலப்படாத. ரெண்டு மூணு வருஷம் அப்படி சேந்த பிறகு சிஸ்விப் 3.1 எழுது, அது பிரிட்டன்காரனுக்க வெல்டிங் இன்ஸ்பெக்டர் சர்ட்டிபிகேட், கல்ஃப்ல கேக்காத கம்பெனி கொறவு, ஃபீஸ் ஜாஸ்தி, எக்சாம் சும்மா பாஸ் ஆவ முடியாது, அதனாலதான் அதுக்கு மதிப்பு. அப்புறம் உனக்க பி.இ. வேலை செய்யும், இன்ஸ்பெக்டர்ல இருந்து க்யூசி இன்ஜினியர் ஆகும்போது டிப்ளமோக்காரன நிறுத்திட்டு பி.இ.க்காரனத்தான் எடுப்பான், எனக்கு அங்கதான் கதவு அடைஞ்சுது.

உனக்க தம்பி ஊருக்கு வரும்போது அவன்கிட்ட ஒரு வாரம் வெல்டிங் புடிச்சுப் பழகு, வெக்கப்படாத. ரூட் பாஸ்ல எங்க தப்பு வரும்னு கையால தெரிஞ்ச இன்ஸ்பெக்டர வெல்டருவ ஏமாத்த முடியாது.

தூத்தூர்_கடக்கரை:

ஜுபைல் அண்ணாச்சி, எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்க. கையில உள்ள தொழிலுக்கு படிக்காமலே சர்ட்டிபிகேட் தாறாவன்னு சொல்லுதாவளே, அது என்ன?

கோட்டாறு_காண்ட்ராக்டர்:

அது ஆர்பிஎல், மத்திய அரசுக்க ஸ்கில் இந்தியா திட்டத்துல உள்ளது. ஏற்கனவே வேலை தெரிஞ்சவன ஒரு நாள் ரெண்டு நாள் உக்கார வச்சு டெஸ்ட் பண்ணி சர்ட்டிபிகேட் தருவாவ. எனக்க கொத்தனாருவ நாலு பேரு வாங்கிருக்கான். இங்க எவனும் அத கேக்க மாட்டான், ஆனா வெளிய போறவனுக்கு ஒண்ணும் இல்லாததுக்கு அது ஒண்ணு. அதுல மீன்புடி தொழிலுக்கும் உண்டான்னு ஸ்கில் டெவலப்மென்ட் ஆபீஸ்ல கேட்டுப் பாரு தம்பி, அது கோணம் ஐடிஐ பக்கத்துலதான்.

குமரி_பிள்ள:

குவைத் அண்ணன், எனக்க மகன் இந்த வருஷம் பன்னெண்டு, கவுன்சிலிங்ல சேக்கப் போறோம். அந்த என்பிஏ உண்டா இல்லியான்னு எங்க பாக்கணும்?

குவைத்_ரிட்டன்_பி.இ.:

என்பிஏ சைட்லேயே லிஸ்ட் இருக்கு, காலேஜ் பேரு போட்டா வரும். ஆனா கவனமா பாருங்க, அது காலேஜுக்கு குடுக்குறது இல்ல, ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனி, அதுவும் இந்த வருஷத்துல இருந்து அந்த வருஷம் வரன்னு கணக்கு. ஈசிஇக்கு இருக்கும், அதே காலேஜ்ல மெக்கானிக்கலுக்கு இருக்காது. அட்மிஷன் கவுண்டர்ல "எங்களுக்கு என்பிஏ உண்டு"ன்னு சொன்னா எந்த கோர்ஸுக்கு, எப்ப முடியுதுன்னு கேளுங்க. அந்த பக்கத்த பிரிண்ட் எடுத்து மார்க் ஷீட் கூடவே பைலுக்குள்ள வச்சிடுங்க.